அடி விழுந்ததும் கம்பை ஏன் கீழே போட்டேன்?

கம்பு பிடித்த முதல் மாதம். என் இடதுகைக் கட்டைவிரலில் ஓர் அடி விழுந்தது. அடித்தது பதினோரு வயதுப் பெண். அவள் வேகமாகக்கூட வீசவில்லை. கையை வைக்கக் கூடாத இடத்தில் வைத்திருந்தது நான்தான். வலி உச்சந்தலைக்கு ஏறியது. கம்பைக் கீழே போட்டுவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். "சாரி அங்கிள், சாரி அங்கிள்" என்று அந்தப் பெண் அழாத குறை.

மாஸ்டர் வந்து விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பகலில் எலக்ட்ரீஷியன், காலையில் சிலம்ப ஆசான். "ஒண்ணும் ஒடையலண்ணா. அடி பட்டா பரவால்ல. கம்ப எதுக்குக் கீழ போட்டீங்க?" என்றார்.

வலித்தது, போட்டேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. கம்பைப் போட்டதால் வலி குறைந்ததா? இல்லை. அடுத்த அடி வந்திருந்தால் தடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் நின்றிருப்பேன், அவ்வளவுதான்.

நான் வேலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். மகளை வகுப்பில் விட்டுவிட்டு, பைக்கில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவனை, "சும்மாதான இருக்கீங்க, வாங்கண்ணா" என்று மாஸ்டர் மணலுக்குள் இழுத்துவிட்டார். அப்போது எனக்கு 43 வயது. தற்காப்புக் கலை மனிதனை உறுதியாக்கும் என்று எல்லா வகுப்பு போர்டிலும் எழுதியிருக்கிறார்கள். எப்படி ஆக்குகிறது, ஆக்கத்தான் செய்கிறதா என்று யாரும் விளக்குவதில்லை. எனக்குப் புரிந்த வரை சொல்லிப் பார்க்கிறேன்.

தாங்குவது வேறு, திரும்புவது வேறு

'ரெசிலியன்ஸ்' என்ற சொல் இப்போது பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் வரைக்கும் வந்துவிட்டது. தமிழில் மீள்திறன், மீண்டெழும் திறன் என்று எழுதுகிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு நெருக்கமாக இருப்பது 'தெம்பு', 'தாக்குப்பிடிக்கிறது'. ஆனால் தாக்குப்பிடிப்பது என்றதும் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் ஓர் ஆள்தான் நமக்கு நினைவுக்கு வருகிறான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்து வெடிப்பு விட்ட மூங்கிலை ஓங்கி அடித்தால் பட்டென்று பிளந்துவிடும். நல்ல கம்பு அப்படியில்லை. அடி விழுந்ததும் அதிரும், கொஞ்சம் வளையும், அடுத்த கணம் நேராகிவிடும். கடினம் என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் திரும்பி வருவதில் இருக்கிறது. மீள்திறன் என்பது அடி உறைக்காமல் இருப்பது அல்ல. உறைத்த பிறகு பழைய நிலைக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறோம் என்பதுதான் அது.

இதற்கு என் தொழிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்தவர்களுக்குத் தெரியும்: ஓட விட்டு இதயத் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். நிறுத்திய பிறகு அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் முக்கியம். 1999ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஓட்டத்தை நிறுத்திய முதல் ஒரு நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்கு உயிருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டார்கள். துடிப்பு ஏறுவது நோய் அல்ல, ஏறத்தான் வேண்டும். இறங்க மறுப்பதுதான் கவலை.

மனசுக்கும் இப்படி ஒரு மீட்டர் இருந்தால் நன்றாக இருக்கும். கோபம் வந்தது, அவமானப்பட்டோம், பயந்தோம் என்பது கணக்கில்லை. எத்தனை மணி நேரம் அங்கேயே கிடந்தோம் என்பதுதான் கணக்கு. சிலம்பத்தில் அது நொடிக்கணக்கில் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் பழகுவதற்கு அது வசதியான இடம்.

முதலில் கால்

எங்கள் வகுப்பு விருதம்பட்டுப் பக்கம் பாலாற்று மணலில், மணல் இன்னும் மிச்சமிருக்கிற ஓர் இடத்தில் நடக்கிறது. ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுவோம். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்பார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், ஏழரைக்கு மேல் வெறுங்காலோடு மணலில் நிற்க முடியாது.

வந்தவுடன் கம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். கொடுப்பதில்லை. முதலில் தரையைத் தொட்டு வணக்கம். அப்புறம் காலடி. முன்னே ஒரு அடி, பக்கவாட்டில் ஒரு அடி, திரும்பு, பின்னே வா. முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும், பாரம் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் இது மட்டும்தான். என்னோடு சேர்ந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் நான்காவது நாளோடு நின்றுவிட்டார்கள். மகளுக்கு முன்னால் மானம் போகுமே என்றுதான் நான் நிற்கவில்லை. அதைத் தவிரப் பெரிய வைராக்கியம் ஒன்றும் கிடையாது.

இந்த அலுப்பான இரண்டு வாரம் எதற்கென்று பிறகு புரிந்தது. அடி விழும்போது உடம்பு நம்மைக் கேட்காமல் சில காரியங்களைச் செய்துவிடுகிறது. கண் மூடும், தோள் காதுவரை ஏறும், மூச்சு நின்றுவிடும், கால் நேராகி விறைத்துக்கொள்ளும். விறைத்த காலோடு நிற்பவனை ஒரு விரலால் தள்ளிவிடலாம். ஆக, அடி நம்மைக் கீழே தள்ளுவதைவிட, அடிக்கு நாம் காட்டும் பதற்றம்தான் அதிகமாகத் தள்ளுகிறது. காலடி பழகியவனுக்கு, தலை குழம்பினாலும் கால் தானாக அதன் இடத்துக்குப் போய்விடும். கால் நின்றுவிட்டால் மூச்சு வரும், மூச்சு வந்தால் கண் திறக்கும், கண் திறந்தால்தான் கம்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மாஸ்டர் இதையெல்லாம் இத்தனை நீளமாகச் சொல்ல மாட்டார். "கால் நின்னா கை வரும்" என்பார். அத்துடன் சரி.

ஜூடோவில் இதையே வேறு வழியில் செய்கிறார்கள். 1882ல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் முறையில், ஆளைத் தூக்கிப் போடக் கற்பதற்கு முன்னால் விழக் கற்க வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை உருட்டி, கையால் பாயில் ஓங்கி அறைந்து விழுவார்கள். விழுந்த வேகம் ஒரே எலும்பில் இறங்காமல், உடம்பின் பெரிய பரப்பில் பரவிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நூறு முறை விழுந்தவனுக்கு விழுவதைப் பற்றிய எண்ணமே மாறிவிடுகிறது. முன்பு அது தோல்வி, இப்போது அது செய்யத் தெரிந்த ஒரு வேலை. பைக்கில் சறுக்கி விழுந்த ஜூடோ பையன் ஒருவன் சிராய்ப்போடு மட்டும் என் கடைக்கு வந்து பஞ்சும் டிஞ்சரும் வாங்கிப் போனான். கையை முன்னால் ஊன்றியிருந்தால் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டிருக்க வேண்டியிருக்கும்.

மருந்தும் அளவும்

மூன்றாவது வாரம் கம்பு கைக்கு வந்தது. கூடவே எனக்குப் பிடிக்காத ஒரு பயிற்சியும் வந்தது. நான் அசையாமல் நிற்க வேண்டும், மாஸ்டர் என் முகத்துக்கு நேராகக் கம்பை வீசி ஒரு முழம் தள்ளி நிறுத்துவார். முதல் நாள் மெதுவாக. "கண்ண மூடாதீங்கண்ணா." மூடினேன். "மூடுனா எங்க வருதுன்னு எப்பிடித் தெரியும்?" மறுபடி மூடினேன். பத்து நாள் கழித்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார், வேகமும் கொஞ்சம் கூடியது. கண் சிமிட்டல் முழுக்கப் போகவில்லை, அது போகாது. ஆனால் சிமிட்டியதும் திறந்துவிடுகிறது. முன்பெல்லாம் இறுக மூடிக்கொண்டு கதவைச் சாத்திய மாதிரி நின்றிருப்பேன்.

இதற்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகு படித்தேன். டொனால்ட் மைக்கன்பாம் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. தமிழில் சொல்வதானால் 'மன அழுத்தத்துக்குத் தடுப்பூசி'. தடுப்பூசி என்ற சொல்லை அவர் தெரிந்தேதான் எடுத்திருக்கிறார். பலவீனமாக்கிய கிருமியை, தாங்கக்கூடிய அளவில் உடம்புக்குக் காட்டினால், உண்மையான கிருமி வரும்போது உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும். அதேபோல, தாங்கக்கூடிய அளவு பயத்தை, பாதுகாப்பான இடத்தில், அதைக் கையாளும் வழியையும் சொல்லிக்கொடுத்துத் திரும்பத் திரும்பக் காட்டினால், பெரிய பயம் வரும்போது கை கால் உதறுவது குறைகிறது.

இங்கே 'தாங்கக்கூடிய அளவு' என்பதை ஒரு மருந்துக்கடைக்காரனாக அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை நல்ல மருந்துதான். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற எல்லையைத் தாண்டினால் அதே மாத்திரை ஈரலைக் கெடுக்கும். மருந்து மாறவில்லை, அளவுதான் மாறியது. கஷ்டமும் அப்படித்தான். 'கஷ்டப்பட்டால்தான் புத்தி வரும்' என்று சொல்பவர்கள் அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை. அளவு தெரியாத கஷ்டம் யாரையும் பலசாலியாக்காது, உடைத்துத்தான் போடும்.

எலும்பே இதற்குச் சாட்சி. 1892ல் ஜூலியஸ் வூல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் எழுதிவைத்தது: எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது. பாரம் இல்லாவிட்டால் மெலியும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் உறுதியாகும், ஒரேயடியாக ஏற்றினால் முறியும். இதை விளக்க வேலூர்க்காரர்களுக்கு வெளிநாட்டு ஆள் தேவையில்லை. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் நம் சத்துவாச்சாரிக்காரர். எந்தப் பளுதூக்குபவரையும் கேட்டுப் பாருங்கள், இரும்புத் தட்டை எப்படிச் சேர்ப்பீர்கள் என்று. நேற்றையதைவிட ஒரு பிடி கூட, அதன் பிறகு ஓய்வு. ஓய்விலும் தூக்கத்திலும்தான் உடம்பு வளர்கிறது. தூக்குவது அதற்கான விண்ணப்பம் மாதிரி.

ஆகவே ஒரு நல்ல ஆசானின் முக்கியமான திறமை கம்பு சுற்றுவதல்ல, அளவு பார்ப்பது. என் மாஸ்டர் அந்தப் பதினோரு வயதுப் பெண்ணை எனக்கு எதிரே நிறுத்தியதும் அளவு பார்த்துத்தான் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவள் அடி வலிக்கும், ஆனால் ஒடிக்காது.

சான்றிதழும் சொந்த அனுபவமும்

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 1977ல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் அதன் ஊற்றுக்களைப் பிரித்துச் சொன்னார். மற்றவர்கள் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் ஊக்கப்படுத்துவது, உடம்பு கொடுக்கும் குறிகள் எல்லாம் உதவும். ஆனால் எல்லாவற்றையும்விட வலுவானது, முடியாது என்று நினைத்த ஒன்றை நாமே செய்து முடித்த அனுபவம். 'நீ சிங்கம்டா' என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, போன மாதம் தட்டிப்போன ஒரு சுற்று இந்த மாதம் தட்டாமல் வருவது பெரிது.

கராத்தேயில் பட்டையின் நிறம் மாறுவது, சிலம்பத்தில் அடுத்த வரிசைக்குப் போவது எல்லாம் இதற்கான படிகள்தான். படி சரியான உயரத்தில் இருந்தால் வேலை செய்யும். ஆனால் இப்போது பட்டை வேகமாக விற்கப்படுகிறது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், அதற்கொரு கட்டணம், கூடவே ஒரு போட்டோ. அப்புறம் அந்த 'உலக சாதனை'கள்: சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றுவது, கையால் ஓடு உடைப்பது. பார்க்கும்போது நமக்குக் கை தட்டத் தோன்றும். பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் வளர்ந்து முடியவில்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அரசுப் பக்கமும் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க (டெமோ) விளையாட்டாக இடம்பெற்றது. அதற்கப்புறம் வகுப்பில் கூட்டம் கூடியிருக்கிறது. சான்றிதழுக்காகச் சேர்ப்பதில் தவறில்லை. தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் ஷிப்ட் போகும் பெற்றோர், பிள்ளைக்கு ஒரு அரசு வேலை வாய்க்குமா என்று பார்ப்பதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் சான்றிதழ் வரும் வேகத்தில் தெம்பு வராது. இரண்டும் தனித்தனிச் சரக்கு.

சண்டை பழகினால் சண்டைக்காரன் ஆவானா?

கடையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிலும் ஆண் பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்பது. நேர்மையான பதில்: எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1986ல் மைக்கேல் ட்ரூல்சன் என்பவர் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். குற்றச் செயல்களில் மாட்டிய பதின்வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பழைய முறை டேக்வாண்டோ: வணக்கம், அமைதியாக அமர்தல், மரியாதை, தத்துவம் எல்லாம் சேர்த்து. இன்னொரு குழுவுக்கு அடிதடி மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பழைய முறையில் கற்றவர்களின் முரட்டுத்தனம் குறைந்திருந்தது, அடிதடி மட்டும் கற்றவர்களுக்குக் கூடியிருந்தது. மிகச் சிறிய குழுக்கள், அதனால் இதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் தரையைத் தொட்டுக் கும்பிடுவது வெறும் சடங்கு என்று நினைத்திருந்த எனக்கு, அது பாடத்தின் ஒரு பகுதி என்று தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான். கும்பிட்டுவிட்டு நிமிரும் அந்த இரண்டு நொடியில், எதிரில் இருப்பவர் எதிரி இல்லை, அடி கொடுத்து உதவ வந்தவர் என்பது உடம்புக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது.

இன்னொரு ஆய்வும் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கும் சண்டைக் கலைக்கும் சம்பந்தமே கிடையாது. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடிகாரத் தந்தை, உடைந்த குடும்பம் என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், கணித்ததற்கு மாறாக, நல்ல மனிதர்களாக வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று: வீட்டிலோ வெளியிலோ அக்கறையான ஒரு பெரியவரின் துணை. பாட்டியாக இருக்கலாம், டீச்சராக இருக்கலாம். விடிகாலையில் பாலாற்றங்கரைக்கு வந்து, "ஏன் நேத்து வரல?" என்று கேட்கும் எலக்ட்ரீஷியனாகவும் இருக்கலாம்.

இதனால்தான் வகுப்பு தேடும் பெற்றோரிடம் நான் கலையின் பெயரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சிலம்பமோ, கராத்தேயோ, குத்துவரிசையோ எதுவானாலும் சரி, ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள் என்பேன். தப்புச் செய்த பிள்ளையை ஆசான் என்ன செய்கிறார்? கம்பாலேயே முட்டியில் தட்டுகிறாரா, எல்லோர் முன்னாலும் கேலி செய்கிறாரா, இல்லை மறுபடி காலடியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறாரா? அடிபட்ட பிள்ளை உட்காரலாமா என்று கேட்டால் உட்கார விடுகிறாரா? இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தும்போது தலைக்கவசம் போடச் சொல்கிறாரா? பெண் பிள்ளைகள் பயமில்லாமல் சத்தமாகப் பேசுகிறார்களா? அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மணலிலிருந்து கடைக்கு

மணலில் கற்றது வாழ்க்கைக்குத் தானாக வந்துவிடுமா? வராது. அருமையாகக் கம்பு சுற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுபவர்களை எனக்குத் தெரியும். நடுவில் ஒரு பாலம் கட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் மாஸ்டர் அந்தப் பாலத்துக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார். வகுப்பு முடிந்து வட்டமாக உட்காரும்போது ஒவ்வொருவரையும் கேட்பார்: "இன்னிக்கு எங்க மூச்சப் புடிச்சீங்க?" திரும்பும்போது, அந்த அண்ணன் எதிரே வந்தபோது, தோற்கப்போகிறேன் என்று தெரிந்தபோது என்று பிள்ளைகள் சொல்வார்கள். மூச்சைப் பிடித்த இடம்தான் பயந்த இடம். அதைக் கண்டுபிடிக்கப் பழகினால், வெளியிலும் கண்டுபிடிக்கலாம்.

எனக்கு அது ஒரு திங்கட்கிழமை நடந்தது. கடையில் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், பில் போடும் கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது, ஊர்விட்டு ஊர் வந்து அலைந்து களைத்த ஒருவர் எனக்குத் தெரியாத மொழியில் சத்தம் போடுகிறார். பதிலுக்குச் சத்தம் போட வாய் திறந்தபோது, என் தோள் காதுவரை ஏறியிருப்பது தெரிந்தது. மணலில் ஏறுமே, அதே தோள். மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், அது உடம்பின் ஏற்பாடு. பிறகு நோட்டை எடுத்துக் கையாலேயே பில் எழுதினேன். பெரிய வீரச் செயல் ஒன்றுமில்லை. ஐந்து வருடத்துக்கு முந்தைய நானாக இருந்தால் அன்று இரவு வரை அந்தச் சண்டையை மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். அன்று மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துபோனது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? எப்போதும் 'நீரில்லாத ஆறு' என்று கேலி செய்யப்படும் ஆறு கரை தொட்டுப் போனதை ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் இடம் தண்ணீருக்கடியில். ஒரு பழைய ரைஸ்மில் களத்தில் கொஞ்ச நாள் வகுப்பு ஓடியது. வெள்ளம் வடிந்து திரும்பி வந்தபோது, நாங்கள் கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் முட்புதரும் சேறும் கிடந்தன. அன்றைய பாடம் முழுக்க மண்வெட்டியோடுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'தெம்பா இரு' என்பது சில சமயம் அநியாயத்தை மூடப் பயன்படும் சொல். சம்பளம் சரியாகக் கொடுக்காத இடத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு, மீள்திறன் வகுப்பு எடுப்பது கொடுமை. அங்கே மாற வேண்டியது அவள் அல்ல. அதேபோல, பல வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் அது கம்பு சுற்றிச் சரிசெய்யும் விஷயம் அல்ல. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பயிற்சி அப்புறமும் காத்திருக்கும்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். நாற்பது தாண்டியவர்கள் பிரஷர், சர்க்கரை, முழங்கால் மூன்றையும் ஒரு முறை பார்த்துக்கொண்டு வாருங்கள். என்னைப் போல இரண்டு மாதம் கழித்து முட்டி வீங்கிய பிறகு அல்ல. முதல் வாரம் மறுநாளைவிட அதற்கு மறுநாள்தான் உடம்பு அதிகம் வலிக்கும். அது இயல்பு, பயந்து நின்றுவிட வேண்டாம். ஒரே மூட்டில் குத்துகிற வலி, வீக்கம் என்றால் மட்டும் நிறுத்துங்கள். கம்பு உங்கள் நெற்றி உயரம் இருந்தால் போதும், நீளம் கூடினால் வீரமும் கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள். கையில் பிடித்தால் கனம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், கணு பிசிறில்லாமல் இருக்க வேண்டும்.

கம்பு கைக்கு வருவதற்கு முன் வீட்டில் துடைப்பக்கட்டையை வைத்து ஒத்திகை பார்க்க ஆசை வரும். மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். எங்கள் ஹாலில் இப்போது எரிவது இரண்டாவது டியூப் லைட்.